எட்டு வீட்டுக் குறுக்கெழுத்து

இன்று காலை ஆலயப் பந்தலுக்குள் நுழைந்ததும் முன்வரிசை மேசைகளில் வெள்ளைத் துணி விரித்திருப்பதைப் பார்த்தேன். மற்ற மேசைகளுக்கெல்லாம் வழக்கம்போல் சுருளிலிருந்து கிழித்த தாள். அந்த மூன்று மேசைகளுக்கு மட்டும் துணி, பிளாஸ்டிக் பூச்சாடி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். நீ போய் இன்னும் ஓராண்டு முடியவில்லை, அதற்குள் துணி வந்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இப்போது வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

அந்தத் துணியை நாம் இரண்டு பேரும் முதலில் பார்த்தது, நீ மஸ்கட்டிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த வருஷம். நம் சபை ஆலயத்தின் பிரதிஷ்டைப் பண்டிகைச் சமபந்தி விருந்து. சபைக்காரர்கள், அய்யாவழிக்காரர்கள், பேருந்திலிருந்து இறங்கி நடந்து போகிறவர்கள் என்று யார் வந்தாலும் இலை உண்டு என்பதுதான் அதன் பெருமை. வெயிலில் வரிசை நீண்டு ரோட்டுக்கு வந்துவிட்டது. உன் அம்மாவுக்கு முட்டு வலி. முன்னால் துணி விரித்த மேசையில் காலியாகக் கிடந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்தாய். தொண்டர் ஒருவர் ஓடி வந்தார்.

"அம்மச்சி எந்திரிங்க. இது பந்தல் செலவு குடுத்தவங்களுக்கு உள்ள இடம்."

நீ ஊரையே இரண்டாக்கப் போகிறாய் என்று பயந்துகொண்டு நின்றேன். நீ அம்மாவைக் கைத்தாங்கலாக வரிசைக்குக் கூட்டிவந்தாய். வந்த பிறகுதான் என் காதில் சொன்னாய்: "பந்தலுக்குக் காசு குடுத்தவன் பந்தலைக் கழத்திக் கொண்டு போட்டும். பந்தியை எதுக்குட்டி கேக்கான்?"

அடுத்த வருஷம் மாதர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, வரிசையில் நிற்பவர்களுக்குக் குறுக்கெழுத்துப் போட்டி வைக்கலாம் என்றாய். உலகத்து நாடுகளின் பாரம்பரியச் சாப்பாட்டுப் பெயர்கள்தான் விடைகள். மஸ்கட் ஆஸ்பத்திரிச் சமையலறையில் நீ வேலை பார்த்த காலமெல்லாம் சீக்காளிகள் தங்கள் ஊர்ச் சாப்பாட்டைக் கேட்டு ஏங்குவதைப் பார்த்தவள் அல்லவா? எந்த நாட்டுக்காரன் எதைக் கையால் பிசைவான், எதைக் கரண்டியால் அள்ளுவான் என்று உனக்குத் தெரியும். வேதாகமக் குறுக்கெழுத்து வைத்தால் என்ன என்று கமிட்டிச் செயலாளர் கேட்டார். "அதுக்கு போதகர் ஒருத்தரே எல்லா விடையும் சொல்லிருவாரு. பொறவு பக்கத்துல நிக்கவங்ககிட்ட எதுக்குப் பேசணும்?" என்றாய். போதகரே சிரித்துவிட்டார். பிள்ளை விளையாட்டுத்தானே என்று கமிட்டியும் விட்டுவிட்டது.

விளையாட்டின் விதி பண்டிகையன்றுதான் வெளியே வந்தது. ஒரு தாளுக்கு எட்டுப் பேர். எட்டுப் பேரும் எட்டு வீட்டுக்காரர்களாக இருக்க வேண்டும். நிரப்பிய தாளோடு வருகிற எட்டுப் பேருக்கு முதல் பந்தியில் இடம். போதகரையே மைக்கில் சொல்ல வைத்தாயே, அந்தச் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்ல! செயலாளர் திருதிருவென்று முழித்தது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அந்த மேசைத் துணி சுருட்டி அலமாரிக்குள் போனதும் அன்றுதான்.

களியக்காவிளை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நகல் எடுக்கும் கடை வைத்திருப்பவள் நான். உன் கட்டங்களை வருஷாவருஷம் அச்செடுத்துத் தந்தது நான்தான். ஆனால் அவை அந்த வரிசையில் என்ன செய்யும் என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை. 'பெரிய வட்டமாகச் சுட்ட புளித்த அப்பம், ஒரே தட்டைச் சுற்றி இருந்து எல்லாரும் பிய்த்துத் தின்பார்கள், எத்தியோப்பியா, நான்கெழுத்து' என்று ஒரு குறிப்பு. இஞ்சேரா என்று எந்த ஒரு வீட்டுக்குத் தெரியும்? ஜித்தாவில் டிரைவராக இருந்தவனுக்குக் கப்சா என்ற இறைச்சிச் சோறு தெரியும். இஸ்ரேலில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளப் போனவளுக்கு வேறொன்று தெரியும். கட்டத்தில் நம் ஊர்க் குழம்பான 'தீயல்' வருகிற இடத்தில் மட்டும் ஆளாளுக்குக் கத்துவார்கள். இத்தனை வருஷம் ஒரே தெருவில் இருந்தும் முகம் பார்க்காதவர்கள், "உங்க வீட்டுல ஆரும் மலேசியாவுல உண்டா?" என்று கேட்டுக்கொண்டு வரிசையில் முன்னும் பின்னும் நடந்தார்கள்.

பந்தல் செலவு முழுவதையும் ஏற்கிற ரப்பர் முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. முதல் வருஷம் காரை விட்டு இறங்காமலே திரும்பிப் போனார். "ராஜாவை எதுத்த எட்டுவீட்டுப் பிள்ளைமாரு கணக்கா அவ ஆளு சேக்கா" என்று யாரிடமோ சொன்னாராம். அதைக் கேட்டு நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஆனால் இரண்டாம் வருஷம் அவர் மனைவி தனியாக வந்து நம் வரிசையில் நின்றார். யாரும் அவரைத் தங்கள் கூட்டத்தில் சேர்க்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே வாயைத் திறந்தார்: "எனக்குக் கிம்ச்சி தெரியும். மக கொரியாவுலதான் படிக்கா." உடனே நீ அவர் கையைப் பிடித்து ஏழு பேர் மட்டும் இருந்த ஒரு கூட்டத்துக்குள் தள்ளிவிட்டாய். அதற்குப் பிறகு அவர் எந்த வருஷமும் தவறவில்லை.

போன வருஷம் பண்டிகை முடிந்து கொஞ்ச நாளில் உனக்குத் தொண்டை அடைத்தது. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் கஞ்சித் தண்ணீர்கூட இறங்காமல் நீ கிடந்த நாட்களை நினைக்க எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பக்கத்துக் கட்டிலில் ஒரு மாலத்தீவுக்காரப் பெண் இருந்தாள். சூரை மீனையும் தேங்காய்த் துருவலையும் வெங்காயத்தையும் பிசைந்து காலையில் தின்பார்களாம், பெயர் மாஸ் ஹுனி. கையால் பிசைவதா, எலுமிச்சை பிழிவதா என்று கமறிய குரலில் அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாய். எனக்குத் தாங்கவில்லை. "ஏட்டி, ஒரு வாய் எறங்கல்ல. இப்ப எதுக்கு ஒனக்கு ஊரான் தீனி?" என்று திட்டினேன். "தின்ன முடியல்லன்னா பேசவும் கூடாதா?" என்றாய். நான் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அப்போதும் நீ பேசிக்கொண்டுதான் இருந்தாய்.

போன மாதம் செயலாளர் பண்டிகை நோட்டீஸ் அடிக்க என் கடைக்கு வந்தார். குறுக்கெழுத்தைச் சாயங்கால விளையாட்டுப் போட்டிகளோடு சேர்த்திருந்தார். முதல் பந்தி நன்கொடையாளர்களுக்கும் விருந்தினர்களுக்கும் என்று கொட்டை எழுத்தில் போடச் சொன்னார்.

"அவங்கதான் போயாச்சுல்லா. இனி எதுக்கு வெறுதே ஒரு பிரச்சினை?" என்றார்.

"போனது அவ. பசி எங்கயும் போகல்ல," என்றேன். "இதை நான் அடிக்க மாட்டேன்."

வேறு கடையில் அடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். போகட்டும். அன்றைக்கே நான் கட்டம் போட உட்கார்ந்தேன். உன்னைப் போல நான் நாலு நாட்டுக்காரர்களோடு பழகியவளில்லை, பக்கத்திலிருக்கும் பாறசாலைக்கு அப்பால் போனதே ஆஸ்பத்திரிக்குத்தான். ஆனால் பாஸ்போர்ட் நகலும் விசா நகலும் எடுக்க ஊரே என் கடைக்குத்தானே வருகிறது! வந்தவர்களையெல்லாம் பிடித்து வைத்துக் கேட்டேன். தேங்காய்ப்பட்டணத்துக்காரன் ஒருவன் குவைத்துக்காரர்களின் மச்பூஸ் சோற்றைப் பற்றிப் பேசி, பேருந்தை விட்டுவிட்டான். கப்பலில் வேலை பார்க்கும் பையன் மெக்சிகோக்காரர்கள் சோள மாவைத் தோகையில் பொதிந்து அவிப்பதைச் சொன்னான். "நம்ம இலையப்பம் மாதிரிதான், ஆனா உள்ள எறச்சி" என்றான். நீ சொல்வாயே, நாட்டுப் பெயரை மட்டும் எழுதாதே, எப்படித் தின்பார்கள் என்று எழுது என்று. அப்படித்தான் எழுதினேன். மாஸ் ஹுனியையும் சேர்த்தேன்.

இன்று தாள்களோடு போனபோதுதான் அந்தத் துணியைப் பார்த்தேன். யாரிடமும் கேட்காமல் வரிசை நெடுக நடந்து தாள்களைக் கொடுத்தேன். "முதல் பந்தி உண்டா?" என்று கேட்டார்கள். "எட்டு வீடு சேந்தா உண்டு," என்றேன். எந்த அதிகாரத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. இன்றைக்குத் தோற்றால் இனி எந்த வருஷமும் அந்த மேசைகள் நமக்குக் கிடையாது என்று மட்டும் தெரியும்.

முதலில் நிரப்பி வந்தது முதலாளி மனைவியின் கூட்டம். தொண்டர் பணிவாக, "அம்மா, ஒங்களுக்கு முன்னால எடம் போட்டாச்சு, வாங்க" என்றார்.

"எனக்கு மட்டுமா?"

"ஆமா."

"நாங்க எட்டுப் பேரு இருக்கோம்," என்று தாளை நீட்டினார். முதலாளி வீட்டம்மாவை எப்படித் தடுப்பது? தொண்டர் வழி விட்டார். பின்னால் வந்தவர்கள் விடுவார்களா? "நாங்களும் எட்டுப் பேரு," "நாங்களும் எட்டுப் பேரு" என்று ஒவ்வொரு கூட்டமாக உள்ளே நுழைந்தது. வெள்ளைத் துணி மேசைகள் நிறைந்தன, பின்னால் இருந்த மேசைகளும் நிறைந்தன. ஆலயப் படியில் விருந்தினர்களோடு பேசிக்கொண்டிருந்த முதலாளி திரும்பிப் பார்த்தபோது ஒரு நாற்காலி மிச்சமில்லை.

செயலாளர் மைக்கைப் பிடித்து, "தயவுசெய்து எல்லாரும் எழும்பணும்" என்று தொடங்கினார். இரண்டு மூன்று பேர் எழப் பார்த்தார்கள். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. ஜெபம் சொல்லிவிட்டால் இலைக்கு முன்னால் இருப்பவரை யாரும் எழுப்ப மாட்டார்கள், நம் ஊரில் அந்த வழக்கத்தை மீற யாருக்கும் துணிச்சல் கிடையாது. புதிய போதகர் ஆலயத்துக்குள் இருந்தார், அவரைக் கூப்பிட நேரமில்லை. நான் போய்ச் செயலாளர் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். பிடுங்கினேன் என்று அவர் சொல்லுவார். சொல்லட்டும். கண்ணை மூடி, "ஆண்டவரே, இலைக்கு முன்னால இருக்கவங்களையும், இலைக்குக் காத்து நிக்கவங்களையும் ஆசீர்வதியும்" என்றேன். பந்தல் முழுவதும் ஆமென் சொன்னது. பருப்பு வாளி புறப்பட்டுவிட்டது.

கட்டம் போட்டவள் கடைசிப் பந்தியில்தான் உட்கார வேண்டும் என்று நீ வைத்திருந்த வழக்கத்தை நானும் விடவில்லை. உட்கார்ந்து நிமிர்ந்தால், பக்கத்து இலையில் ரப்பர் முதலாளி! விருந்தினர்கள் போய்விட்டார்கள் போல. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார். அவர் இலைக்குப் பக்கத்தில் என் தாள் ஒன்று கிடந்தது. ரசம் வந்தபோது என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"அந்த எகிப்துக்காரன் தின்னுறது என்னது? அரிசியும் பருப்பும் மக்ரோனியும் கலந்தது. வீட்டுல கேட்டா சொல்ல மாட்டேங்கா."

"நானும் சொல்லப்படாது. எட்டுப் பேரைச் சேருங்க, ஆராவது சொல்லுவாங்க."

"எட்டுப் பேருக்கு நான் எங்க போவேன்?"

நான் பந்தியைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி, கீரிப்பாறை எஸ்டேட்டிலிருந்து உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்த ஒருவரிடம், "உமக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது. மச்சினன் வெளிநாட்டுலதான் இருக்கான், கேட்டுப் பாப்போம்," என்று அவர் எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையால் போனை எடுத்தார். முதலாளி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நாளைக்குக் கமிட்டி கூடுகிறது. என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்கள். நான் மன்னிப்புக் கேட்பேன் என்று நினைத்திருப்பார்கள். நான் வேறொன்றைத்தான் சொல்லப் போகிறேன், ஏட்டி. அடுத்த வருஷத்திலிருந்து எட்டு வீடு போதாது, பத்து.