வெச்சிடறேன்னு சொன்ன பிறகு

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டு வலி தேவலையா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? நான் நலம், ஒரு சுற்றுப் பெருத்துக்கூட இருக்கிறேன், கவலை வேண்டாம்.

போன வாரம் இங்கே ஒரு கூத்து. அறையிலிருந்தே ஆபீஸ் சர்வருக்குள் நுழைந்துதானே வேலை பார்க்கிறேன். அப்போது என் லேப்டாப்பில் இருப்பவையும் சர்வரில் இருப்பவையும் ஒரே திரையில் தெரியும். அறிக்கை இருந்த ஃபோல்டருக்குப் பதில், நீங்கள் போனில் அனுப்பி, நான் லேப்டாப்புக்கு மாற்றிச் சேர்த்து வைத்திருந்த குரல் பதிவுகளைச் சர்வரில் போட்டுவிட்டேன். மீட்டிங்கில் மேலாளர் திறந்தால், "சரிம்மா, வெச்சிடறேன்" என்கிறீர்கள். நீங்கள்தான் ஒருநாளும் பதிவை ஒழுங்காக நிறுத்தமாட்டீர்களே! பின்னாலேயே அம்மா: "யார்கிட்ட பேசறீங்க? அடுப்ப அணைச்சீங்களா இல்லயா?" மீட்டிங்கில் இருந்த எட்டுப் பேரும் சிரித்துவிட்டார்கள்.

மானம் போகிறதே என்று அவசரமாக அழித்தேன். அப்புறமும் சர்வரில் இருந்தது, அதையும் ஒரேயடியாக அழித்தேன். முதலில் அழித்தது என் லேப்டாப்பில் இருந்ததை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அப்படி அழித்தால் திரும்ப எடுக்கவே முடியாதாம். என் புத்தி அவ்வளவுதான்.

அது கிடக்கட்டும். நேரமிருந்தால் மறுபடி ஏதாவது பேசி அனுப்புங்கள் அப்பா. மோட்டார் ரிப்பேர், பக்கத்து வீட்டுச் சண்டை, எதுவானாலும் சரி. அம்மா சமையலறையில் இருக்கும்போது பேசுங்கள்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். "வெச்சிடறேன்" என்று சொல்லுங்கள், நிறுத்த மட்டும் வேண்டாம்.

உங்கள்
வாயாடி