பழுது ஹெட்செட்டில் இல்லை, அக்கா

அக்கா,

இன்று காலை என் மகள், "அம்மா, இந்த இயர்போன்ல ஒரு பக்கம் கேக்கல" என்றாள். கைவேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். பிடுங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். எனக்கும் கேட்கவில்லை. அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களுக்குப் புரியும்.

எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இடது காதில் ஹெட்செட், வாயில் "நம்பர் ப்ளீஸ்". செட்டு சரியில்லை என்று மெக்கானிக்கை நீங்கள் படுத்திய பாடு! ஒயரை மாற்றினார், செட்டையே மாற்றினார். பொறுக்க முடியாமல் நான் வாங்கி மாட்டிப் பார்த்தேன். கணீரென்று கேட்டது.

"செட்டு நல்லாத்தான்க்கா இருக்குது."

"அப்ப லைன்லதான்டி கோளாறு."

அந்தப் பௌர்ணமிக்கு மலை சுற்றும்போது என்மேல் இடித்துக்கொண்டே வந்தீர்கள். கேட்டால், "ரோடு சாயுதுடி" என்றீர்கள். உங்களைத் தவிர ஊரில் எல்லாமே பழுது! முதலில் எரிச்சல் வந்தது. அடி அண்ணாமலை கோயிலைத் தாண்டுவதற்குள் பயம் வந்துவிட்டது.

சென்னையில் டாக்டர் பஞ்சை நூலாகத் திரித்து உங்கள் இடது கருவிழியைத் தொட்டார். நீங்கள் இமைக்கவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது. ஸ்கேன் எடுத்தார்கள். மண்டையோட்டின் அடியில், காது நரம்பில் கட்டி. புற்று இல்லை, ஆனால் மூளையை அழுத்துகிறது, விட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். எடுத்தால் அந்தக் காது போகும். முகத்தை அசைக்கும் நரம்பும் கட்டியோடு ஒட்டியிருந்தது.

"வாய் கோணிட்டா 'நம்பர் ப்ளீஸ்' எப்பிடி சொல்வேன் டாக்டர்?"

ஆண் துணை இல்லாத உங்கள் வீட்டில் அந்தக் குரல்தான் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது.

ஆபரேஷன் அன்று கதவு திறந்தபோதெல்லாம் எழுந்து நின்றேன். "அண்ணாமலையானே, காதை எடுத்துக்கோ, உயிரையும் வாயையும் விட்டுடு" என்று பேரம் பேசினேன். சாமி பாதிக்குத்தான் ஒத்துக்கொண்டார். உயிர் தங்கியது, இடப்பக்க முகம் தொங்கிவிட்டது. 'ப்' என்றால் உதட்டோரம் காற்றுதான் போனது.

சில மாதம் கழித்து மறுபடி போர்டின் முன் உட்கார்ந்தீர்கள். ஹெட்செட்டை வலது காதுக்குத் திருப்பினீர்கள். தொங்கிய உதட்டோரத்தை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நம்பர் ப்ளீஸ்" என்றீர்கள்.

லைனில் வந்த அரிசி மண்டி பாயின் பெருங்குரல் உங்கள் ஹெட்செட்டைத் தாண்டி என் நாற்காலி வரைக்கும் கேட்டது. "யம்மா, நீங்களா! எத்தினி நாளாச்சு! நம்பர் கெடக்கட்டும், ஒடம்பு எப்பிடி கீது?"

நீங்கள் அழுதீர்கள். ஆனால் விரலை எடுக்கவில்லை. இன்றைக்கும் எனக்கு ஒரு கஷ்டம் என்றால், சாமியை நினைப்பதற்கு முன்னால் அந்த விரல்தான் நினைவுக்கு வருகிறது, அக்கா.