நட்சத்திரம் இல்லாத ரத்தம்

மார்ச் 4
இருபது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று, போதும். மனைவியின் அண்ணன் டாக்டர், நான் வேதியியல் வாத்தியார். அவர் பேசும்போது நான் தலையாட்ட வேண்டும் — கல்யாணத்தன்று எழுதாமல் போட்ட ஒப்பந்தம்.

ஆறு மாதமாக மனைவிக்கு மூச்சு வாங்குகிறது. பள்ளியில் இவள் பாடம் நடத்தும் வகுப்பு மூன்றாவது மாடி; இரண்டாவதிலேயே கைப்பிடியைப் பிடித்து நின்றுவிடுகிறாளாம். சளிக்காய்ச்சலோடு தன்னிடம் போனவளுக்கு அன்றே ரத்தம் எடுக்கவைத்தார் மச்சான். அளவு தப்பிய எண்ணுக்குப் பக்கத்தில் ஆய்வகம் ஒரு நட்சத்திரம் அச்சிடும். மச்சான் அதை மட்டும்தான் வாசிப்பார். எண்களைப் படிக்க நேரமில்லாத மேதை.

"ஹீமோகுளோபின் பன்னிரண்டரை, ஃபெரிட்டின் நாற்பது. ஒரு ஸ்டார்கூட இல்ல மாப்ள. எல்லாம் மனசுதான்."

நான் தலையாட்டினேன். பழக்கதோஷம்.

மார்ச் 11
ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறாள். இந்த மாதக் கடைசியில் கொடுக்கப்போகிறாளாம். பதினேழு வருட வேலை.

மார்ச் 12
ஆய்வகத்துக்கே போனேன். ரத்தம் எடுக்கும் அம்மாள் தாளைப் பார்த்ததும், அன்றைக்கு உடம்புக்கு ஏதாவது இருந்ததா என்று கேட்டார்; சளிக்காய்ச்சல் என்றேன். ஃபெரிட்டின்தான் உடம்பின் இரும்புக் கிடங்கைக் காட்டுமாம். கிடங்கு காலியானாலும் ஹீமோகுளோபின் கொஞ்ச நாள் ஒப்பேற்றுமாம்.

"காய்ச்சல்ல எடுத்தா ஃபெரிட்டின் தானா ஏறிடும் சார். நல்லா ஆனப்புறம் மறுபடி எடுங்க."

இதை அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். கடிதத்தை ஒரு மாதம் தள்ளிப்போடச் சொல்லி இவளிடம் கெஞ்சினேன்.

ஏப்ரல் 6
ஃபெரிட்டின் ஆறு. நட்சத்திரத்தோடு. "நான் அப்பவே சந்தேகப்பட்டேன்" என்கிறார் மச்சான். சந்தேகத்தை எந்த அலமாரியில் பூட்டி வைத்திருந்தாரோ!

ஏப்ரல் 9
வேறு டாக்டரம்மா. முதல் கேள்வியே, மாதவிலக்கு எத்தனை நாள், எவ்வளவு போகிறது? எட்டு நாளாம், ஒரு வருடமாக. அண்ணன் கேட்கவில்லை. நானும்தான் — ஒரே வீட்டில் இருந்துகொண்டு.

ஜூலை 19
மூன்று மாத இரும்பு மாத்திரை, மாதவிலக்குக்கும் சிகிச்சை. ஃபெரிட்டின் முப்பத்தொன்று. வேலையை விடவில்லை, நேற்று மாடி வகுப்புக்கு நிற்காமல் ஏறினாளாம்.

பத்திரிகையின் மருத்துவப் பக்கத்துக்கு அனுப்ப இந்த நாட்குறிப்புகளை நகலெடுத்தேன். கீழே என் பெயரைப் பட்டங்களோடு போட்டிருந்தேன். படித்துவிட்டு இவள் நிமிராமலே சொன்னாள்:

"அண்ணன் நம்பரைத்தான் தப்பாப் படிச்சாரு. சோம்பேறின்னு சொன்னது யாருங்க?"

பிப்ரவரியில், சமையலறையில், இரண்டு முறை. நான் எழுதாமல் விட்ட வரி, இப்போது எழுதியாயிற்று. நாளை தபாலில் போடுகிறேன். பெயரை அடித்துவிட்டேன்.