ஏழாவது பத்தியில் ஒரு வாக்கியம்

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று வகுப்பில் டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்தார். தினமும் கண்ணில் படுகிற ஓர் ஆங்கில வாக்கியத்தை எழுதிக்கொண்டு வர வேண்டுமாம். யார் செய்கிறார், என்ன செய்கிறார், எப்போது என்று பிரித்துப் பார்ப்போம் என்றார். டீச்சருக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவாக இருக்கும். நாற்பத்து மூன்று வயதில் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து, இஸ், வாஸ், ஹேஸ் என்று ஒப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

ஹோட்டலில் துணி வெளுக்கிறவளுக்கு இங்கிலீஷ் எதற்கு என்று சலவைப் பிரிவில் கேட்கிறார்கள். புரமோஷனுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். உண்மை வேறு. என் மகளுக்கு இப்போது பதினாலு. ஆறு வயதில் அவள் அப்பாவோடு விமானம் ஏறினாள். இந்நேரம் தமிழ் மறந்திருக்கும். என்றைக்காவது போன் வந்தால் நான் ஹலோவோடு நின்றுவிடக் கூடாது.

பிப்ரவரி 6, வியாழன்

அறைகளில் வைக்கிற அட்டையிலிருந்து எழுதிப்போனேன். 'யுவர் டவல்ஸ் ஹேவ் பீன் சேஞ்ச்ட்.' உங்கள் துண்டுகள் மாற்றப்பட்டுள்ளன. யார் மாற்றினார்கள் என்று டீச்சர் கேட்டார். தேடித் தேடிப் பார்த்தோம், வாக்கியத்தில் ஆளே இல்லை. செய்தவரை மறைத்துவிட்டு, செய்ததை மட்டும் சொல்கிற வகையாம். துவைச்சது நான்தான் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

'யூஸ்ட் டு.' முன்பு வழக்கமாகச் செய்து, இப்போது செய்யாமல் போனதைச் சொல்வதற்கு. ஆளுக்கொரு வாக்கியம். பக்கத்து பெஞ்ச் டிரைவர் முன்பு பீடி பிடிப்பாராம். என் முறை வந்தது. ஐ யூஸ்ட் டு பிரெய்ட் ஹர் ஹேர் என்றேன். அவளுக்குப் பின்னல் போடுவேன். டீச்சர் வெரி குட் என்று அடுத்தவரிடம் போய்விட்டார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். மூன்று கால் பிரித்து, நடுவில் அவள் தலையை ஆட்டி, மறுபடி முதலிலிருந்து —

போதும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இஸ்திரி போடுகிற உருளையில் கையைச் சுட்டுக்கொண்டேன். வகுப்புக்குப் போகவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஹோட்டலில் இருக்கிற போர்டெல்லாம் தீர்ந்துபோனது. புது வாக்கியம் வேண்டுமே என்று பீரோவைத் துழாவினேன். புடவைகளுக்கு அடியில் விவாகரத்து சமயத்து அந்தக் கோர்ட் காகிதம். நாலு தாள், ஒவ்வொன்றிலும் கீழே என் கையெழுத்து. அன்றைக்கு யாரும் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. அண்ணன் "போடு" என்றான், போட்டேன். பிறகு மகளின் அப்பா ஒரு தடவை சொன்னார், தான் மனசு வைத்தால் பேச விடலாம் என்றுதான் அதில் இருக்கிறது என்று. முதல் வருஷம் ஆறு தடவை மனசு வைத்தார். அப்புறம் அந்த நம்பரே இல்லாமல் போனது.

ஏழாவது பத்தியில் தெரிந்த சொற்கள் இருந்தன. ஃபாதர், மதர், சைல்டு, வீக். அதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

எழுதவே வரவில்லை. ஆனாலும் எழுதணும்.

டீச்சர் என் வாக்கியத்தைப் போர்டில் போட்டார். 'தி ஃபாதர் ஷல் அரேஞ்ச் ஃபார் தி மதர் டு ஸ்பீக் வித் தி சைல்டு எவ்ரி வீக்.' எங்கே பார்த்தீர்கள் என்றார். ஒரு காகிதத்தில் என்றேன். யார்? அப்பா. என்ன? அம்மா குழந்தையோடு பேச ஏற்பாடு செய்வது. எப்போது? ஒவ்வொரு வாரமும். ஷல் என்றால் என்ன என்று நான் கேட்டேன்.

"சட்டக் காகிதத்துல ஷல்னு வந்தா கட்டாயம்னு அர்த்தங்க. செஞ்சே ஆகணும். இஷ்டம் இருந்தா செய்யலாம்னா, 'மே'ன்னு போட்டிருப்பாங்க."

கட்டாயமா என்று மறுபடி கேட்டேன். கட்டாயம் என்றார். யாருக்கு என்றேன். அப்பாவுக்குத்தான் என்றார்.

வாரத்துக்கு ஒண்ணு. எட்டு வருஷம். எண்ண ஆரம்பிச்சு நிறுத்திட்டேன். பஸ் வந்தது, போனது. ஏறணும்னு தோணல.

பிப்ரவரி 26, புதன்

பீரோவிலேதானே இருந்தது? யார்கிட்டயாவது காட்டியிருக்கலாமே? வெட்கம். படிக்கத் தெரியாதுன்னு சொல்ல வெட்கம். வேற ஒண்ணுமில்ல.

மார்ச் 2, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் பேங்கில் வேலை செய்கிறவன், இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறவன். அண்ணி காபி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து உள்ளே போய்விட்டாள். காகிதத்தை அவன் முன்னால் வைத்து ஏழாவது பத்தியைக் காட்டினேன்.

"அன்னிக்கு நீ இதப் படிச்சியா?"

"படிச்சேன்."

"புரிஞ்சுதா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"புரிஞ்சுது. அவன் செய்ய மாட்டான்னு தெரியும்மா. நீ வாராவாரம் போன் பக்கத்துல உக்காந்து அழுவே. சொல்லாம இருந்தா கொஞ்ச நாள்ல நீ மறந்துடுவேன்னு நெனச்சேன்."

"மறந்தேனா?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டான். காபி அப்படியே இருந்தது. கிளம்பிவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

வகுப்பு முடிந்ததும் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு வெகுநேரம் போர்டை அழித்துக்கொண்டிருந்தார். நாளைக்கே வக்கீலைப் பாருங்கள், நானும் வருகிறேன் என்றார்.

மார்ச் 7, வெள்ளி

உத்தரவு இன்னும் செல்லுமாம். காகிதத்தில் இருக்கிற விலாசத்துக்கு நோட்டீஸ் அனுப்புகிறேன் என்றார் வக்கீல். அதோடு மகளுக்கு நானே எழுதிய ஒரு தாளையும் வைக்கச் சொன்னேன். ஆங்கிலத்தில் எட்டு வரி. டீச்சர் ஏழு வரியைத் திருத்தினார். ஒரு வரியை மட்டும் தொடாமல் விட்டார். 'ஐ ஹேவ் பீன் வெயிட்டிங்.' காத்துக்கொண்டே இருக்கிறேன். அன்றைக்குத் தொடங்கியது, இன்னும் முடியவில்லை என்பதற்கு இந்த அமைப்புதான் சரியாம்.

மார்ச் 19, புதன்

ஒன்றுமில்லை.

மார்ச் 27, வியாழன்

இன்றும் இல்லை. குளிக்கப் போனாலும் போனை எடுத்துக்கொண்டு போகிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலை பத்து மணிக்கு வந்தது.

ஆங்கிலத்தில் பேச எவ்வளவோ தயார் செய்து வைத்திருந்தேன். ஹவ் ஆர் யூ வரைக்கும் வந்தது. அவள் தமிழில் பேசினாள்.

"அம்மா, நான் படிச்சேன் உங்க லெட்டர. மூணு தடவ. நான் கேட்டேன் அப்பாகிட்ட நெறைய, ஏன் அம்மா பேசல. அவர் சொன்னார், அம்மாவுக்கு வேணாம்."

நம் தமிழில் வினைச்சொல் கடைசியில் ஆற அமர வரும். அவளுக்கு முன்னாலேயே ஓடி வந்துவிடுகிறது, ஆங்கிலம் மாதிரி. அப்படியொரு தமிழை நான் கேட்டதே இல்லை. வேணும்னு சொல்லணும், வேணும்னுதான்டி இருந்தேன்னு சொல்லணும். ஐ டெய்லி யூ ஒன்லி திங்கிங் என்று வந்தது வாயில். சிரித்துவிட்டாள். எனக்குப் புரியுது என்றாள்.

பதினாலு நிமிஷம். நடுவில் ஒரே ஒரு குறை. சின்னதில் என்னை 'நீ' என்பாள். இப்போது 'நீங்க' என்கிறாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் பேசுகிற மாதிரி. அவள் பேசிப் பழகிய மொழியில் இரண்டும் ஒரே சொல்தான். தெரிந்தா சொன்னாள்? தெரியாமலே சொன்னாளா? கேட்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

மூன்றாவது வாரம், மூன்றாவது போன். அண்ணனும் இரண்டு தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை. எடுப்பேன். இப்போதைக்கு முடியாது.

மே 13, செவ்வாய்

இன்று சூப்பர்வைசரிடம் லீவ் லெட்டர் கொடுத்தேன். யார் துணையும் இல்லாமல் நானே எழுதியது. 'மை டாட்டர் இஸ் கமிங் ஆன் தி டுவென்டி ஃபர்ஸ்ட்.'

படித்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். இன்னும் எட்டு நாள் இருக்கே, வில் கம்னுதானே வரணும் என்றார்.

"டிக்கெட் போட்டாச்சு சார். முடிவானத இங்கிலீஷ்ல இப்படியும் எழுதலாம். நாமளும் அப்படித்தானே சொல்றோம்? இருபத்தொண்ணாம் தேதி என் பொண்ணு வர்றா."

லெட்டரை இன்னொரு தடவை பார்த்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பத்து நாள் லீவு. அவள் திரும்பிப் போகிற தேதியும் அதே டிக்கெட்டில்தான் இருக்கிறது. அதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.