பதினேழாம் ஏரியின் தென்கிழக்குக் கரை

உன் அத்தாவின் கடையில் இன்று காலை புது டியூப் கட்டுகளைப் பிரித்திருந்தார்கள். மாடிப்படி முழுக்க ரப்பர் வாசனை. எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தப் படியில் ஏறினேன். ஏறும்போது ஏதாவது தோன்றும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பதினான்கு படி என்று எண்ணிக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான்.

உன் நாற்காலியில் சைக்கிள் செயின் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட்டு உன் கணினியைப் போட்டேன். பதினேழாம் ஏரிக்கு நீ வரைந்த கோடு அதில் மட்டும்தான் இருக்கிறது. அதற்காகத்தான் வந்தேன்.

நீ அறியாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு நீ அறிந்ததிலிருந்துதான் தொடங்க முடியும்.

இமயமலையில் பனி உருகித் தேங்கும் ஏரிகளைக் கோவில்பட்டியில், சைக்கிள் உதிரிபாகக் கடை மாடியில் உட்கார்ந்து அளக்கிறோம் என்றால் யாரும் நம்பவில்லை. செயற்கைக்கோள் படத்தில் ஒரே ஏரிக்கு நாம் இருவரும் தனித்தனியே கரை வரைவோம், ஒருவர் கோட்டை மற்றவர் பார்க்காமல். பிறகு இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைப்போம். ஒத்துப்போகாத இடத்தில் பேசி ஒரு கோட்டுக்கு வந்தால், 'இருவரும் உடன்பாடு' என்று குறித்து அனுப்ப வேண்டும். வராவிட்டால் இரண்டு கோடுகளையும் அனுப்ப வேண்டும். ஏரி முந்தைய ஆண்டைவிடப் பெருத்திருந்தால், கரை உடைந்து வெள்ளம் வரலாம் என்று அதன் கீழே இருக்கும் ஊருக்கு எச்சரிக்கை போகும்.

பயிற்சிக்கு நம் பக்கத்துப் படத்தையே கொடுத்தார்கள், நினைவிருக்கிறதா? ஐப்பசி மழைக்கு மறுநாள் எடுத்தது. நனைந்த கரிசல் கன்னங்கரேலென்று கிடந்தது. நீ அதில் பெரிய குளம் ஒன்றை வரைந்தாய். உற்றுப் பார்த்தால், இடைசெவலில் எங்கள் உளுந்துக் காடு.

"ஏட்டி, எங்க காட்டையே குளமாக்கிட்டியே."

"தண்ணி நிக்குற மாதிரிதான இருக்கு. ஒங்க அப்பாட்ட சொல்லு, மீன் குத்தகைக்கு விடலாம்."

வீட்டில் சொன்னேன். அப்பா ஒரு வாரம் சோறு சாப்பிடும்போதெல்லாம், "அயிரை விடலாமா, கெண்டை விடலாமான்னு அந்தப் பிள்ளைட்ட கேட்டுட்டு வா" என்றார்.

அந்தத் தவறு உன்னை மாற்றவில்லை. என்னைத்தான் மாற்றியது. அதன்பின் படத்தில் கருப்பாகத் தெரியும் எதையும் நான் லேசில் தண்ணீர் என்று ஏற்கவில்லை. மலையின் நிழலும் தண்ணீரைப் போலவே கருப்பாகத்தான் விழும். நான் நிழல் என்பேன். நீ தண்ணீர் என்பாய்.

"இல்லாத தண்ணிய இருக்குன்னு சொன்னா என்ன? ஒரு நா மேட்டுல ஏறி நின்னுட்டுத் திரும்பி வருவாவ. இருக்குறத இல்லன்னு சொன்னா?"

"நாலு தடவ சும்மா ஏத்தி எறக்கினா அஞ்சாவது தடவ எவ ஏறுவா?"

"நான் ஏறுவேன்."

"நீ ஏறுவ. ஒனக்குப் பொழுது போவணுமே."

பதினேழாம் ஏரியின் தென்கிழக்கில் செங்குத்தான பாறை. அதன் அடியில் கருப்பாக ஒரு பட்டை. அதைச் சேர்த்தால் ஏரி பெருத்திருக்கிறது, கீழே உள்ள ஊருக்கு எச்சரிக்கை போக வேண்டும். விட்டால் பழைய அளவுதான். ஒரு காலை முழுக்க வாதாடினோம். நீ நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். எரிச்சலில் தேய்க்கிறாய் என்று நினைத்தேன். காய்ச்சல் அது.

"தலை வலிக்கு. நாளைக்கு வந்து பாக்கேன். பதினேழ அப்படியே வையி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாய்.

மறுநாள் நீ வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. நமக்கு வேலை தரும் அலுவலகத்தில் அவசரப்படுத்தினார்கள். நீ அறியாதது இதுதான்: என் கோட்டை மட்டும் வைத்து, 'இருவரும் உடன்பாடு' என்று குறித்து அனுப்பிவிட்டேன். நிழல் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. சாயங்காலம் உன் குரல் செய்தி வந்தது. மூச்சு வாங்கப் பேசியிருந்தாய். "ஏட்டி, பதினேழ அனுப்பிராத. எனக்கு இன்னும் மனசு ஒப்பல." நான் "சரி" என்று பதில் போட்டேன். அனுப்பியாயிற்று என்று சொல்லவில்லை. காய்ச்சல் விட்டதும் நேரில் சொல்லித் திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். நான்காம் நாள் நீ இல்லை.

உன் வீட்டில் அழுதவர்களுக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்குப் போய், படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை விட்ட பக்கத்திலிருந்து தொடர்ந்தேன். அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்றுகூட இப்போது சொல்வேன்.

பிறகு இந்த அறைக்கு வராமல் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். பதினேழாம் ஏரி பனிக்கும் மேகத்துக்கும் அடியில் கிடந்தது. நேற்றுதான் தெளிவான படம் ஒன்று வந்தது. ஆனி மாதத்துச் சூரியன் உயரத்தில் நிற்க, பாறையின் நிழல் காலடிக்குள் சுருங்கியிருந்தது. இன்று அதன்மேல் உன் கோட்டை வைத்துப் பார்த்தேன்.

நீ தண்ணீர் என்ற இடத்தில் கல்லும் மண்ணும் கிடக்கின்றன.

நீ சொன்னது சரியாக இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் தோன்றியது. உடனே, அப்படியானால் கீழே ஒரு ஊர் எட்டு மாதம் என்னை நம்பி ஏமாந்திருக்கும் என்பதும் தோன்றியது. நிம்மதியாவது வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை. கோடு மட்டும் திரையில் இருந்தது. மூலைகளை வளைக்காமல் வெடுக்கென்று திருப்பியிருந்தாய், எப்போதும்போல.

நம் வேலையை மேற்பார்க்கும் மதுரைக்காரரை அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

"நீங்க போட்டதுதானம்மா சரின்னு வந்திருக்கு. அதை ஏன் இப்பப் போய்க் கிளறுறீங்க? எழுதிக் குடுத்தா நீங்க இதுவரைக்கும் அனுப்புன எல்லாத்தையும் தெறந்து பாப்பாங்க. அது முடியிற வரைக்கும் உங்களுக்கு வேலை கிடையாது, தெரியும்ல?"

"அவ ஒத்துக்கல சார்" என்றேன்.

எழுதி அனுப்பினேன். உன் கோட்டையும் சேர்த்து அனுப்பினேன். மத்தியானத்துக்குள் என் கணக்கை முடக்கிவிட்டார்கள்.

கீழே இறங்கியபோது உன் அத்தா கேட்டார். "ஏம்மா, எம் மக கடைசியாப் பாத்த வேலை என்னாச்சு? சரியா வந்துச்சா?"

ஆமா மாமா என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் அவரிடம் இப்போது அப்படித்தான் பேசுகிறார்கள்.

"இல்ல மாமா. அவ போட்ட கோடு தப்பு. ஆனா அவகிட்டக் கேக்காமலே, அவளும் ஒத்துக்கிட்டான்னு நான் எழுதி அனுப்பிட்டேன். கடைசி வரைக்கும் அவ ஒத்துக்கல. இப்பதான் மாத்தி எழுதிக் குடுத்தேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த டியூபை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

"அவ என்னைக்கு ஒத்துக்கிட்டா?" என்றார். "மூணு வயசுல செருப்ப எடம் வலம் மாத்திப் போட்டுட்டு, சரியாத்தான் போட்டிருக்கேன்னு ரெண்டு தெரு நடந்து வருவா. கால் வலிக்கான்னு கேட்டா, இல்லம்பா."

சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். பிறகு, "எழுதிக் குடுத்தது நல்லதுதாம்மா" என்று சொல்லிவிட்டு, வந்தவருக்கு வால்டியூப் எடுத்துக் கொடுக்கப் போனார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காடெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. இடைசெவலுக்கு முன்னால் ஓடைப் பாலத்தின் அடியில் கருப்பாக ஒரு துண்டு தெரிந்தது. தண்ணி என்றாய். இந்த ஆனியிலா, நிழல் என்றேன். நீ விடவில்லை. பஸ் அங்கே நிற்காது. நானும் திரும்பிப் பார்க்கவில்லை.