இடது ஓரம் காலி

கருமத்தம்பட்டி
9.2.2025

அன்பு மகள் லாஸ்யாவுக்கு,

நாயனா எழுதுவது. இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். போனில் கூப்பிட்டால் "சரிங்க நாயனா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார்.

உன் அண்ணன் வம்சிக்கு வருஷ திதி மார்ச் 12, புதன்கிழமை. அந்த வாரம் உனக்குப் பெங்களூரில் போட்டி என்று அம்மா சொன்னாள். டி.வி.யில் கட்டம் அடுக்கும் ஆட்டத்துக்கு வருஷம் முழுக்கப் போட்டி இருக்கும். கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் கோபம்தான். துக்க வருஷம், போன தீபாவளி நமக்கு இல்லை, சரி. அதற்காக நீயும் இல்லையா?

அவன் அறையில் வீடியோ கேம் மாட்டிய அந்தப் பழைய பெட்டி டி.வி. இன்னும் ஓடுகிறது. அன்றைக்கு ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு பைக் எடுத்துப் போனவன், பாலத்தடியில் லாரியில் அடிபட்டுப் போய்விட்டான். அவன் நிறுத்தியது நிறுத்தினபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். நான் அந்த அறைப் பக்கம் அதிகம் போவதில்லை. மாதாமாதம் ஈ.பி.காரர்கள் கரண்டை நிறுத்தும் நாளிலும் அது அணையக்கூடாது என்றுதான் இன்வெர்ட்டர் வாங்கினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறு தறி ஓடாது, வீடு அமைதியாக இருக்கும். போன ஞாயிறு மதியம் படுத்திருந்தேன். அந்த அறையில் அவன் பட்டன் அமுக்குகிற சத்தம். எழுந்து போவதற்குள் நின்றுவிட்டது. உள்ளே யாருமில்லை. ஆனால் திரையில் கட்டங்கள் முன்னே இருந்தபடி இல்லை. முப்பது வருஷம் தறி ஓட்டியவன் நான், பேய் பிசாசு என்று எதையும் நம்பினவனில்லை. அன்றைக்குக் கதவைக்கூடச் சாத்தாமல் வெளியே வந்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன். "இருந்தா இருந்துட்டுப் போகட்டுமுங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

போட்டோ எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அந்த ஆட்டம் தெரிந்தவள் நீ ஒருத்திதான். பார்த்துச் சொல் கண்ணு, அது அவனா?

அன்புடன்,
நாயனா கோவிந்தராஜுலு

சென்னை, விடுதி
15.2.2025

அன்புள்ள நாயனாவுக்கு,

வணக்கம். கடிதம் வந்து மூன்று நாளாகிறது. போட்டோவைப் புத்தகத்துக்குள் வைத்து வைத்துத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது அண்ணன் இல்லை. மேலே உள்ள புள்ளி எண்ணிக்கையைப் பாருங்கள், நான்கு இலக்கம். அண்ணன் அன்று ஆறு இலக்கத்தில் இருந்தான். வரிசைக்கு வரிசை ஓட்டை வேறு. அப்படி அடுக்கினால் அவனுக்குச் சோறு இறங்காது. ஆனால் ஒன்று அவனைப் போலவே இருக்கிறது. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு பத்தி காலியாக விட்டிருக்கிறது. போட்டிக்கு ஆடுகிற நாங்கள் எல்லோரும் வலது ஓரத்தைத்தான் விடுவோம். நெட்டைக் கட்டம் வரும்வரை காத்திருந்து, அந்தப் பள்ளத்தில் இறக்கி, நான்கு வரிசையை ஒரே அடியில் அழிப்போம். அண்ணன் மட்டும் இடது. எத்தனையோ பேர் சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை.

இது ஆடத் தெரியாத ஒருவர், அவன் ஆடுவதை மட்டும் பல வருஷம் பார்த்தவர் அடுக்கியது. அவன் ஆடும்போது பின்னால் நின்று வாயில் சோறு ஊட்டிவிட்டது யார் நாயனா? அம்மாவைத் திட்டாதீர்கள்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அண்ணன் ஏன் கிளம்பினான் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. நான்தான் கூப்பிட்டேன். பஸ் ஸ்டாப்பில் இறங்கிப் போன் செய்தேன். "இப்பத்தான் பாப்பா ஆட்டம் சூடு புடிச்சிருக்குது, ஆறு இலக்கம் வந்தாச்சு, அஞ்சு நிமிஷம் இரு" என்றான். இப்பவே வா என்று கத்தினேன். ஆட்டோவில் பத்து நிமிஷத்தில் வந்திருக்கலாம். ஒரு மணி நேரம் அங்கேயே நின்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்போது அவன் இல்லை.

அதன் பிறகு மூன்று போட்டியில் தோற்றுவிட்டேன். எதிராளி ஆட்டத்தை நிறுத்தினால் அடுத்த கட்டத்தை எங்கே இறக்குவது என்றே எனக்கு மறந்துவிடுகிறது. பெங்களூர் ஒரு சாக்கு. அவன் போன பிறகு அந்தத் திரையை நான் பார்த்ததே இல்லை. அந்த டி.வி. ஓடுகிற வீட்டுக்குள் எப்படி வருவது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள்,
லாஸ்யா

கருமத்தம்பட்டி
23.2.2025

அம்மிணி லாஸ்யா,

அம்மாவைத் திட்டவில்லை. நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன், உட்கார்ந்துவிட்டாள்.

அக்டோபரில் கரண்டு நிறுத்திய நாளில், நான் தறிக்குடோனில் இருந்தபோது, டி.வி. அணைந்து போயிருக்கிறது. அவள் பயந்துபோய் அவன் செய்வதுபோலவே போட்டு, அடுக்கி, நிறுத்தியிருக்கிறாள். "அவன் கடைசியா வெச்சது போயிருச்சுன்னு உங்ககிட்ட எப்படிங்க சொல்றது? அதே மாதிரி அடுக்கிப்போட்டா தெரியாதுன்னு நெனச்சேன்" என்றாள். நான்கு மாதமாகத் தினமும் அடுக்கிப் பார்த்திருக்கிறாள், வரவில்லையாம்.

டி.வி. ஏன் அணைந்தது என்று அவள் என்னைக் கேட்கவில்லை. இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்தது நான்.

உன் விஷயம். போலீஸ் கொடுத்த அவன் போனில் கடைசியாக இருந்தது உன் அழைப்பு. முதல் நாளே பார்த்தோம். நீயாகச் சொல்வாய் என்று இருந்துவிட்டோம். கேட்டால் உடைந்துவிடுவாய் என்று பயம். கேட்காமல் விட்டதுதான் நாங்கள் செய்த தப்பு. பஸ் ஸ்டாப்பில் நிற்கிற தங்கையைக் கூட்டிவர அண்ணன் வருவது எந்த ஊரில் குற்றம்?

திதியன்றைக்கும் காலை ஒன்பது மணிக்குக் கரண்டு நிறுத்துகிறார்கள். அதற்கு முன்னால் இன்வெர்ட்டர் கம்பியைக் கழற்றிவிடப் போகிறேன். அணையட்டும். அதை நாங்கள் இரண்டு பேர் மட்டும் பார்க்க எங்களுக்குத் தைரியமில்லை. வந்துவிடு சாமி.

நாயனா

சென்னை, விடுதி
19.3.2025

அன்புள்ள நாயனாவுக்கும் அம்மாவுக்கும்,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அம்மா கொடுத்த முறுக்கை அறைத்தோழிகள் முதல் நாளே தீர்த்துவிட்டார்கள். பெங்களூருக்குப் போகவில்லை.

அன்றைக்கு டி.வி. அணைந்ததும் நான் ஏன் அறையைவிட்டு எழுந்து போனேன் என்று அம்மா இரண்டு தடவை கேட்டார்கள். அதை இப்போது எழுதுகிறேன்.

அணைந்த கண்ணாடியில் அவன் ஆட்டம் தெரிந்தது அல்லவா. ஏழு மாதம் ஒரே படம் நின்றதால் அது பழுப்பாகப் பதிந்துவிட்டது. அம்மா ஆடியது நாளுக்கு ஒன்றாக மாறியதால் பதியவில்லை. "இதத்தானே கண்ணு நான் தேடினேன்" என்று அம்மா கண்ணாடியைத் தடவிக்கொண்டே இருந்தார்கள். ஓட்டையே இல்லாத அடுக்கு, இடது ஓரம் காலி.

நீங்கள் இருவரும் அவன் அடுக்கியதைப் பார்த்தீர்கள். நான் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டியைப் பார்த்தேன். அடுத்து விழப்போவது எது என்று காட்டும் பெட்டி அது. அதில் நெட்டைக் கட்டம் இருந்தது.

அவன் அதற்காகத்தான் காத்திருந்திருப்பான். அடுத்தது அதுதான் என்று கண்ணால் பார்த்த பிறகும் நிறுத்திவிட்டு எழுந்திருக்கிறான். போட்டிக்கு ஆடுகிற எவரும் அந்த இடத்தில் எழ மாட்டார்கள் நாயனா. நான் எழுந்திருக்க மாட்டேன். நான் கத்தியதால் கிளம்பினான் என்று ஒரு வருஷம் நினைத்திருந்தேன். நான் தனியாக நிற்கிறேன் என்றுதான் கிளம்பியிருக்கிறான். இது ஆறுதலா என்று தெரியவில்லை. முன்னைவிட அதிகமாக அழுகை வருகிறது.

டி.வி.யை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். துணி போட்டு மூடவும் வேண்டாம். பேட்டரியை எடுத்து ஹாலில் வைத்துக்கொள்ளுங்கள், மின்விசிறிக்கு ஆகும்.

சித்திரைக்கு லீவு விடுகிறார்கள், வருகிறேன். பஸ் ஸ்டாப்புக்கு யாரும் வர வேண்டாம். நடந்தே வந்துவிடுவேன்.

உங்கள்,
லாஸ்யா