கொள்ளி வைத்தால் ரட்சிப்பு போகுமா?

மச்சான்,

போன ஞாயிறு என் ஸ்கூல் வேன் ஒர்க்ஷாப்பில் படுத்துவிட்டது. சர்ச்சுக்குப் போகப் பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினேன். திருப்பதி போய்விட்டுத் தாம்பரம் திரும்புகிற ஒரு குடும்பம் எதிரில் உட்கார்ந்திருந்தது. தாத்தாவிலிருந்து கைக்குழந்தை வரை எல்லோருக்கும் மொட்டை. தலை நிறையச் சந்தனம். ஜன்னல் காற்றில் அந்த வாசனை முகத்தில் அடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாத்தா என்னை முறைத்தார். உன்னால்தான் சிரித்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, இன்னும் என்னை நாலு பேர் நடுவில் பைத்தியக்காரனாக ஆக்கிக்கொண்டிருக்கிறாய்.

நானும் அப்படிச் சந்தனத் தலையோடு சர்ச்சுக்குள் நுழைந்த ஒரு காலை உண்டே, மறப்பாயா நீ?

அப்போது எனக்கு ஞானஸ்நானம் ஆகிச் சில மாதம்தான். அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்து குரோம்பேட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். வராந்தாவில் நின்று எனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் வேண்டினேன்: "ஏசப்பா, எங்கப்பாவைப் பொழைக்க வை, உனக்கு மொட்டை போடறேன்." கோவிலம்பாக்கத்தில் பரம்பரையாக ஏர் பிடித்த குடும்பம் எங்களுடையது. மழை வேண்டுமா, மாடு பிழைக்க வேண்டுமா, நேர்ந்துகொள்வோம். கேட்டது கிடைத்தால் சொன்னதைச் செய்துவிடுவோம். சாமி மாறியதே தவிர எனக்கு வேறு வழி யாரும் சொல்லித் தரவில்லை. அப்பா பிழைத்தார். நான் மேடவாக்கம் சலூனில் போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் நல்ல மனிதர், கேட்காமலே சந்தனத்தை அப்பிவிட்டார்.

வாசலில் சபைப் பெரியவர் ஒருவர், "என்ன தம்பி, திருப்பதியா?" என்று கேட்டார். "இல்லீங்கய்யா, ஏசப்பாவுக்கு" என்றேன். அவர் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. நீ பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்தாய். பாட்டு இருமலாக மாறியது, இருமிக்கொண்டே பக்கத்துக் கதவு வழியாக வெளியே ஓடினாய். பின்னாலேயே வந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

"டேய், அவரு முடியெல்லாம் கேக்க மாட்டாருடா!"

"எனக்கு இன்னா தெரியும்? நேர்ந்துக்கினேன். சொன்ன சொல்லு சொல்லுதான்."

"நம்ம தலைமுடிய ஒண்ணொண்ணா எண்ணி வெச்சிக்கீறாருன்னு பைபிள்ல கீது. மொத்தமா செரச்சிக்கினு வந்து அவரு கணக்கையே காலி பண்ட்டியே!"

பாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. சொன்ன வாக்கைக் காப்பாற்றியது நல்லது என்று தோளைத் தட்டிவிட்டு, "இனிமே பேரம் வேணாம், கேட்டா போதும்" என்றார். பேரம் இல்லாமல் எப்படிக் கேட்பது என்பது அடுத்த கேள்வியாக என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்கும் நீதான் அகப்பட்டாய்.

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மறுபடி ஏற்ற மத்தியானம் ஆகும். அதுவரை பள்ளிக்கூட மதில் ஓரம் தூங்குமூஞ்சி மர நிழலில் நம் இரண்டு வேனும் மூக்கோடு மூக்கு உரசி நிற்கும். மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள், தூங்குவார்கள். நான் உன் உயிரை எடுப்பேன். கண்ணை மூடித்தான் ஜெபிக்க வேண்டுமா? "வண்டி ஓட்டறப்ப மூடாதடா சாமி, புள்ளைங்க கீது" என்றாய். எல்லாம் தெரிந்தவரிடம் எதற்குத் திரும்ப ஒப்பிக்க வேண்டும் என்று கேட்டேன். அடுத்த நாள் டீ குடித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று சொன்னாய்: "வேன்ல ஏர்ற புள்ளைங்க டெய்லி அதே கதையத்தான் சொல்லுது. மிஸ் திட்டினாங்க, பென்சில் ஒடிஞ்சிச்சி. உனக்குத் தெரிஞ்ச கததான். வாய மூடுன்னா சொல்றே?" எனக்கு அது போதுமாக இருந்தது.

நீ அனகாபுத்தூரில் பிறக்கும்போதே கிறிஸ்தவன். உன் ஜெபம் கணீரென்று, "தயாபரரே, கிருபையுள்ள பிதாவே" என்று படியில் இறங்குகிற மாதிரி இறங்கும். எனக்கு அந்தத் தமிழ் நாக்கில் நிற்காது. ஒருநாள் வீட்டு ஜெபக் கூட்டத்தில் என்னை ஜெபிக்கச் சொல்லிவிட்டார்கள். "கர்த்தாவே, பெருங்களத்தூர்ல ஒரே டிராபிக்கா கீது, பாஸ்டர் அங்க மாட்டிக்கினாரு, கொஞ்சம் பாத்துக்கோ. ஆமென்" என்று முடித்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை, நீ மட்டும் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினாய். வெளியே வந்ததும் வேறு ஆளாகப் பேசினாய்.

"நாப்பது வருசமா சர்ச்சுக்குப் போறேன். இந்தக் கேள்வியெல்லாம் ஒருத்தனும் என்னக் கேட்டதில்ல, நானும் கேட்டுக்கல. எங்கம்மா சாவக் கிடந்தப்ப சபையே முழங்கால்ல நின்னிச்சி. செத்துட்டாங்க. அப்பலேர்ந்து நான் எதையும் கேக்கறதில்ல, மச்சான். பாட்டு மட்டும் பாடறேன். நீ பேஜார் பண்ணப் பண்ணத்தான் எனக்கே யோசன வருது."

அன்றைக்கு உன்மேல் எனக்கு வந்த பிரியம் சொல்லி மாளாது. எல்லாம் தெரிந்த ஒருவன் கிடைத்திருந்தால் அவனிடம் நான் ஒரு மாதம்கூடத் தங்கியிருக்க மாட்டேன்.

இரண்டாவது தடவை அப்பாவுக்கு முடியாமல் போனபோது நான் எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. கேட்டேன், அவ்வளவுதான். அப்பா போய்விட்டார்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டு, சங்கு ஊதி, கூட்டம் கூடியிருந்தது. சித்தப்பா எல்லோர் முன்னாலும் வந்து நின்றார். "பெரிய புள்ள நீ. வேதத்துல சேந்துட்டே, அது உன் இஷ்டம். கொள்ளி வெப்பியா மாட்டியா, இப்பவே சொல்லு. மாட்டேன்னா என் புள்ளய வெக்கச் சொல்றேன்" என்றார். அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. அதே சபைப் பெரியவர். "தம்பி, துக்கத்துல இருக்கீங்க, ஆனா சொல்ல வேண்டியது என் கடமை. கொள்ளி மட்டும் வெச்சிடாதீங்க. ஞானஸ்நானம் எடுத்தவங்க பழசுக்குத் திரும்பினா ரட்சிப்பு போயிடும்." அவர் கெட்டவர் இல்லை. எனக்காக நிஜமாகவே பயந்தார். அதனால்தான் அந்தப் பயம் எனக்கும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

வெளியே சொல்ல வெட்கம், ஆனால் உன்னிடம் என்ன வெட்கம்? பந்தலை விட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. நாற்பது வயதில் தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்தவன் நான். அதற்காகச் சொந்தத்தில் பாதிப்பேர் பேச்சை நிறுத்தினார்கள். "உனக்கு நிம்மதின்னா போ, என்ன இழுக்காத" என்றாள் மனைவி. இவ்வளவும் கொடுத்து வாங்கியது ஒரு தீப்பந்தத்தில் போய்விடுமா? போகக்கூடாதென்று நான் விலகி நின்றால், பெற்ற அப்பாவுக்குப் பிள்ளை இல்லாமல் ஆகிவிடுமா?

அப்போது நீ வந்தாய். தெற்கிலிருந்து பஸ்ஸில் வந்த எங்கள் சொந்தக்காரர்களைப் பெருங்களத்தூரில் காத்திருந்து உன் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தாய். என் முகத்தைப் பார்த்ததுமே வேனுக்குப் பின்னால் இழுத்துப் போனாய். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாய்.

"மச்சான், நீ தீப்பெட்டியாலயா ரட்சிக்கப்பட்டே?"

"இல்ல."

"அப்ப தீப்பெட்டியால எப்டிடா போவும்? பஸ்ல மறந்து வுட்டுட்டு வர்றதுக்கு அது இன்னா குடையா? உன்னப் புடிச்சிக்கினு இருக்கறது அவரு. நீ கைய வுட்டாலும் அவரு வுட மாட்டாரு. அப்டித்தான் நான் நெனைக்கறேன்."

"உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

நீ பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் ஒரு பொய்க்கு நான் ஏங்கிக்கொண்டிருந்தேன். "தெரியாது" என்றாய். "ஆனா உங்கம்மா மூஞ்சியப் பாரு. அது இன்னா கேக்குதுன்னு எனக்கு நிச்சயமாத் தெரியும். போய் உங்கப்பாவ அனுப்பி வை. பாஸ்டர் எதுனா கேட்டா நான் சொல்லிக்கறேன்."

போனேன். தலையை மழித்துக்கொண்டு ஈர வேட்டியோடு முன்னால் நடந்தேன். சுடுகாட்டில் தோளில் தண்ணீர்க் குடத்தை ஏற்றினார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் ஒருவர் குடத்தில் ஓட்டை போட, தண்ணீர் முதுகில் வழிய அப்பாவைச் சுற்றி வந்தேன். உதட்டை அசைக்காமல் என் பாஷையிலேயே சொல்லிக்கொண்டு வந்தேன்: "ஏசப்பா, இது எங்கப்பா. ஏர் புடிச்ச மனுசன். யாரையும் ஏமாத்தல. வயலெல்லாம் பிளாட்டா போனப்ப ஒரு வாரம் சாப்பிடல. உனக்கு எல்லாம் தெரியும், இருந்தாலும் சொல்றேன்." அவ்வளவு பேர் நடுவில், அந்தப் புகையில், நான் வாழ்நாளில் பண்ணியதிலேயே நல்ல ஜெபம் அதுதான் என்று இப்போதும் அடித்துச் சொல்வேன்.

முதுகைக் காட்டி நின்று கொள்ளி வைத்தேன். வைத்தவன் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். அந்த வழக்கம் உனக்கு எங்கே தெரியும்? என் பக்கத்தில் நடந்த நீ தாராளமாகத் திரும்பிப் பார்த்தாய். பார்த்துவிட்டு என் காதோரம், "நல்லாத்தான் எரியுது மச்சான், கவலப்படாத" என்றாய். சித்தப்பா பல்லைக் கடித்தார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அதுவரை வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது.

அடுத்த ஞாயிறு மறுபடியும் மொட்டைத் தலையோடு சர்ச்சில் நுழைந்தேன். இந்தத் தடவை சந்தனமும் இல்லை, சிரிப்பும் இல்லை. பெஞ்சில் எனக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாகவே இருந்தது. நீ பாடகர் குழுவிலிருந்து இறங்கி, எல்லோரும் பார்க்க நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து என் மடியில் பாதி, உன் மடியில் பாதி வைத்தாய். ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் வந்து, "அப்பாவை நல்லபடியா அனுப்பினீங்களா?" என்று கேட்டார். "அனுப்பினேன் பாஸ்டர்" என்றேன். "நல்லது" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். பெரியவர் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது பேசுகிறார், பேரனை என் வேனில்தான் அனுப்புகிறார்.

மர நிழலில் நான் கடைசியாகக் கேட்ட பெரிய கேள்வி அப்பாவைப் பற்றித்தான். எங்கப்பா இப்போ எங்கே? அவர் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. நான் ஜெபம் பண்ணும்போது திண்ணையிலோ கோயிலிலோ போய் உட்காராமல், டிவியை நிறுத்திவிட்டு, "எனக்கும் சேத்து சொல்லிடுடா" என்பார். அது கணக்கில் வருமா? "தெரியல மச்சான். தெரிஞ்ச மாதிரி பேசறவன நம்பாத. ஆனா உன்னவிட அவருக்கு உங்கப்பா மேல ஆச கம்மியா இருக்கும்னு மட்டும் நெனைக்காத" என்றாய். அதற்கு மேல் நான் யாரிடமும் அதைக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

பிறகு உன் முறை வந்தது. கல்லீரல் போய்விட்டது என்றார்கள். மஞ்சள் கண்ணோடு கட்டிலில் கிடந்தவன் என் கையைப் பிடித்தாய். "எனக்கு ஒண்ணு கேக்கணும், ஆனா மனப்பாடமாத்தான்டா வருது. நீ சொல்லு. உன் பாஷையிலயே சொல்லு" என்றாய். அம்மா போனதிலிருந்து எதையும் கேட்காதவன் நீ. சொன்னேன். பேரம் பேசவில்லை. "இவன் எனக்கு வேணும்" என்றேன். கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் உனக்கு மண் போடும்போது கோபம் வந்தது. அந்தக் கோபத்தையும் அவரிடம்தான் சொன்னேன், வேறு யாரிடம் சொல்ல?

இப்போது ஒன்று சொல்லத்தான் இந்த மடலே. முந்தாநாள் அம்மா அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏன்டா, நான் செத்தா எனக்கும் நீதான கொள்ளி வெப்பே?"

"நான்தாம்மா வெப்பேன்."

"உங்க சாமிகிட்டயும் சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"அப்ப சரி" என்று தோசையைத் திருப்பிப் போட்டாள்.

பதில் சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகவில்லை, மச்சான். பாஸ்டரிடம் கேட்கலாம் என்று தோன்றவில்லை. தோசை இரண்டு சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் உறைத்தது, உன்னிடம் கேட்காமலே சொல்லிவிட்டேன் என்று.